மூன்றாவது வாட்ச்தான் கையில் நின்றது

ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்குவதற்கு மூன்று ஸ்மார்ட்வாட்சின் காசைக் கொடுத்திருக்கிறேன். முதலாவது மேசை டிராயரில் செத்துக் கிடக்கிறது. இரண்டாவது, வாங்கிய விலையில் பாதிகூடத் தேறாமல் கைமாறிப் போனது. மூன்றாவதுதான் இப்போது கையில் இருக்கிறது. இடையில் ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. பணம் போனதைவிட எரிச்சல் என்னவென்றால், நான் சறுக்கிய இடங்களில் ஒன்றுகூட ரகசியம் இல்லை. வாங்குவதற்கு முன் யாராவது அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் எல்லாமே தப்பியிருக்கும். என் புலம்பல் இத்தோடு போதும். எது எங்கே ஏன் சறுக்குகிறது என்பதை வந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வாட்சின் பெட்டியில் இல்லாததே இல்லை. இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன், ரத்தச் சர்க்கரை, மன அழுத்தம், நூற்றுச் சொச்சம் விளையாட்டு மோடு. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் அதைச் சுருட்டி வைத்த துண்டின்மேல் மாட்டினேன். பச்சை விளக்கு மின்னியது. துண்டுக்கு நாடித் துடிப்பு 74, ஆக்சிஜன் 98, ரத்த அழுத்தம் 118/76. சிரிப்பு வரவில்லை, வயிற்றைப் பிசைந்தது. அந்த எண்ணை நம்பித்தான் இரண்டு மாதமாக ‘பிரஷர் நார்மல்’ என்று தெம்பாக நடமாடிக்கொண்டிருந்தேன்.

வாட்சின் அடியில் இருக்கும் பச்சை விளக்கு என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி விளம்பரம் தானாக உதிர்ந்துவிடும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறையும்போது, திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித் துடிப்பு கிடைத்துவிடும். ஆக்சிஜனுக்குச் சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் வேண்டும். ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் அந்த இரண்டையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சும், அந்த விகிதத்திலிருந்துதான் கணக்கு. ஆகவே ஒரு வாட்ச் ஆக்சிஜன் காட்டுகிறது, ஆனால் அடியில் பச்சை மட்டும்தான் இருக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். அகச்சிவப்பு நம் கண்ணுக்குத் தெரியாது, பல போன் கேமராக்களில் வெளிறிய ஊதாப் புள்ளியாகத் தெரியும். துண்டு விஷயத்தில் ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். நல்ல வாட்ச்கூடச் சில சமயம் துணிக்கோ பழத்துக்கோ ஒரு துடிப்பு எண்ணைக் காட்டிவிடும், எதிரொளிக்கும் ஒளியின் சலசலப்பைத் துடிப்பாக எடுத்துக்கொள்வதால். ஆனால் துண்டுக்கு ரத்த அழுத்தம் சொல்லும் வாட்ச் அளக்கவே இல்லை. அது ஏதோ ஒரு சூத்திரத்திலிருந்து எண்ணை உருட்டி எடுக்கிறது.

ரத்தச் சர்க்கரையில் பேச்சுக்கே இடமில்லை. தோலில் ஊசி படாமல் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை, பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தோலில் ஒட்டும் சென்சார் அளந்த எண்ணை வாட்சில் காட்டுவது வேறு விஷயம். அங்கே அளப்பது அந்த சென்சாரின் நுண்ணிய இழை, வாட்ச் வெறும் திரைதான். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர் போலி எண்ணை நம்பி மருந்தளவை மாற்றினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ரத்த அழுத்தத்தில் நம்பிப் பேசக்கூடிய வாட்சுகள் இருக்கின்றன, ஆனால் எல்லாம் ஒரே ரகம் இல்லை. சாம்சங் வாட்சுகளில் முதலில் கையில் பட்டை கட்டும் சாதாரண பிரஷர் மிஷினில் அளந்து, அந்த எண்ணை வாட்சுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதையும் 28 நாளுக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். அதாவது வீட்டில் பிரஷர் மிஷின் இருந்தால்தான் அந்த வசதிக்கே அர்த்தம். ஹுவாவேயின் வாட்ச் டி ரகத்தில் பட்டைக்குள்ளேயே காற்று ஏறி மணிக்கட்டை இறுக்கும் பை இருக்கிறது, அது நிஜமாகவே அழுத்தி அளக்கிறது. ஆப்பிள் 2025 செப்டம்பரில் கொண்டுவந்தது எண்ணே காட்டாது. 30 நாள் தரவைப் பார்த்து, உயர் ரத்த அழுத்தம் இருக்கலாம்போலத் தெரிந்தால் ஓர் எச்சரிக்கை மட்டும் அனுப்பும். எண்ணைக் காட்டாமல் விட்டதுதான் நாணயம் என்பது என் அபிப்பிராயம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் வாட்சுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பகுதிக்கு மேல்கையில் கட்டும் நல்ல மிஷின் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம்.

ஈசிஜி இன்னொரு குழப்பம். வாட்ச் கட்டியிராத கையின் விரலை வாட்சின் பக்கத்தில் துருத்தியிருக்கும் திருகியிலோ ஓரத்திலோ 30 விநாடி வைத்திருந்தால், இரண்டு கைக்கும் இடையே ஒரு மின்பாதை கிடைக்கிறது. மருத்துவமனையில் பத்து இடத்தில் ஒட்டி எடுக்கும் 12 கோட்டில் இது ஒரே ஒரு கோடு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் ஒழுங்கற்ற துடிப்பைப் பிடிக்க அது உதவும். மாரடைப்பைப் பிடிக்காது. நெஞ்சில் வலியோடு உட்கார்ந்துகொண்டு வாட்சில் விரலை வைத்துப் பார்த்து, ‘நார்மல்’ என்று வந்ததும் படுத்துவிடாதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள். ஈசிஜி எல்லா நாட்டிலும் திறந்திருக்காது, அந்தந்த நாட்டு அனுமதியைப் பொறுத்தது. வேறு நாட்டிலிருந்து யாரோ வாங்கிவந்து கொடுத்த வாட்சில் அந்தச் செயலியே வராமல் போகலாம்.

தானாக வரும் ‘ஒழுங்கற்ற துடிப்பு’ எச்சரிக்கையையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஆப்பிள் வாட்சை வைத்து 2017, 2018ல் நடந்த பெரிய ஆய்வில் 4.19 லட்சம் பேர் சேர்ந்தார்கள். அதில் எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதம் பேருக்குத்தான். அவர்களில் நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி பட்டையை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதம் பேருக்கு அந்த ஒழுங்கின்மை உறுதியானது. மற்றவர்களுக்கு இல்லை என்று முடிவுகட்டவும் முடியாது, அது வந்து வந்து போகிற கோளாறு. எச்சரிக்கை வந்தால் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும். வரவில்லை என்பதற்காக இதயம் சுகம் என்று நினைக்கக் கூடாது.

இனி உடற்பயிற்சி. இங்கே நான் இழந்தது நேரம். ஐந்து மாதம் தப்பான எண்ணைப் பார்த்து ஓடினேன். மூச்சு வாங்காமல், பக்கத்தில் ஓடுகிறவரோடு பேசிக்கொண்டே ஓடும் மெதுவான ஓட்டம். வாட்சில் துடிப்பு 172. பயந்து வேகத்தைக் குறைப்பேன், 170. இன்னும் குறைப்பேன், 168. அது இதயம் இல்லை, கால். நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறோமோ அத்தனை முறை கை குலுங்குகிறது, அந்தக் குலுக்கலைத் துடிப்பென்று வாட்ச் பிடித்துக்கொண்டுவிடுகிறது. ஓடுகிறவர்களின் அடி எண்ணிக்கை பொதுவாக 160 முதல் 180க்குள் விழும். கடும் உழைப்பில் இதயம் துடிப்பதும் ஏறக்குறைய அதே எண்ணில்தான், அதனால் சந்தேகமே வராது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நிஜமான துடிப்பு படி ஏறுவதுபோல மெல்ல ஏறும். 110லிருந்து சில விநாடிகளில் 170க்குத் தாவி அங்கேயே ஆணி அடித்தாற்போல் நின்றால், ஓட்டத்தை நிறுத்திக் கழுத்தில் விரலை வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கிப் பாருங்கள். நான் எண்ணியபோது 32 வந்தது, அதாவது 128.

இதற்குப் பாதி மருந்து கட்டும் விதத்தில் இருக்கிறது. மணிக்கட்டு எலும்பின்மேல் வாட்ச் உட்காரக் கூடாது. எலும்பிலிருந்து ஒரு விரல் அளவு முழங்கைப் பக்கம் தள்ளி, பயிற்சியின்போது இன்னும் ஒரு விரல் மேலே ஏற்றி, வழக்கத்தைவிட ஒரு துளை இறுக்கிக் கட்ட வேண்டும். கையைக் குலுக்கினால் வாட்ச் தோலோடு சேர்ந்து ஆட வேண்டும், தோலின்மேல் வழுக்கக் கூடாது. குளிரில் தோலுக்கு வரும் ரத்தம் சுருங்கிவிடும் என்பதால் முதல் ஐந்து பத்து நிமிட எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள். பட்டை கட்டும் இடத்தில் அடர்த்தியான பச்சை குத்தியிருந்தால் மை ஒளியைத் தின்றுவிடும், மற்றக் கைக்கு மாற்றிப் பாருங்கள். எடை தூக்கும்போது மணிக்கட்டு மடங்கி நரம்பும் தசையும் புடைப்பதால் எந்த வாட்சும் தடுமாறும், சைக்கிள் கைப்பிடியின் அதிர்விலும் அப்படியே. துல்லியம் வேண்டும் என்றால் மார்பில் கட்டும் பட்டைதான். அது ஒளியைப் பார்ப்பதில்லை, இதயத்தின் மின்துடிப்பையே பிடிக்கிறது. கட்டும் முன் அதன் உட்பக்கப் பட்டைகளைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். வாட்ச் வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி: வெளிப் பட்டையை புளூடூத்தில் இணைத்துக்கொள்ளுமா? மலிவு வாட்சுகள் பலவும் கொள்ளாது.

இரண்டாவது வாட்சின் கதை வேறு. வாட்ச் அருமையானது, என் போனுக்குத்தான் பொருந்தவில்லை. ஆப்பிள் வாட்ச் ஐபோனோடு மட்டும்தான் சேரும், இது பலருக்கும் தெரியும். 2021ல் வந்த கேலக்ஸி வாட்ச் 4 முதல் சாம்சங் வாட்சுகள் ஐபோனோடு சேராது என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கிறோமே என்று வாங்கினாலும் அங்கேயும் ஒரு கண்ணி உண்டு. கேலக்ஸி வாட்சில் ஈசிஜிக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தேவையான செயலியை சாம்சங் போனுக்கு என்றுதான் செய்திருக்கிறார்கள். பெட்டியில் முதல் வரியில் இருந்த அந்த வசதி எனக்குக் கடைசிவரை திறக்கவே இல்லை. கார்மின், அமேஸ்ஃபிட் போன்றவை இரண்டு வகைப் போனோடும் சேரும். ஆனால் ஐபோனோடு சேர்த்தால் குறுஞ்செய்தியைப் படிக்கலாம், வாட்சிலிருந்து பதில் அனுப்ப முடியாது. எதை வாங்குவதாக இருந்தாலும், உங்கள் போனின் மாடலைச் சொல்லி ‘இந்தப் போனில் எது எது வேலை செய்யாது?’ என்று கேளுங்கள். ‘சப்போர்ட் பண்ணுமா?’ என்று கேட்டால் எல்லாக் கடைக்காரரும் பண்ணும் என்றுதான் சொல்வார்கள், அது பொய்யும் இல்லை.

செய்தி வந்தால் வாட்சில் காட்டுவதில்லை என்ற புகாரில் பெரும்பகுதி வாட்சின் குற்றம் இல்லை. ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பின்னணியில் ஓடும் செயலிகளைச் சாகடிக்கும், அதில் வாட்சின் செயலியும் சேர்ந்து போகும். போன் செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, தானாகத் தொடங்க அனுமதி கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். தமிழில் செய்தி பார்க்கிறவர்கள் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். தமிழ் எழுத்துரு இல்லாத வாட்சில் வரி முழுக்க வெறும் கட்டங்களாக வரும். எழுத்துரு இருந்தும் எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாத வாட்ச் உண்டு, அதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டு பக்கத்தில் ஒரு புள்ளி வட்டமும் நிற்கும். ‘கொடுத்தோம், சௌக்கியமா’ என்று ஒரு செய்தியை யாரையாவது அனுப்பச் சொல்லிப் பாருங்கள். அது ஒழுங்காக வந்தால் மற்றவையும் வரும்.

பேட்டரி. விளம்பரத்தில் சொல்லும் நாள் கணக்கு, திரை எப்போதும் எரியாமல், ஜிபிஎஸ் அளவோடு ஓடி, இரவில் ஆக்சிஜன் அளக்காமல் இருந்தால் வரும் கணக்கு. எப்போதும் எரியும் திரையைப் போட்டால் பல வாட்சுகளில் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆப்பிள் பல வருஷமாகத் தன் சாதாரண மாடல்களுக்குச் சொல்லிவந்தது 18 மணி நேரம். கார்மின், அமேஸ்ஃபிட் ரகங்களில் ஒரு வாரம், இரண்டு வாரம் ஓடுபவை உண்டு. இது வெறும் சௌகரியம் இல்லை. தினமும் சார்ஜ் செய்யும் வாட்ச் வருஷத்துக்கு 365 சுற்று ஓடுகிறது, பத்து நாளுக்கு ஒருமுறை செய்வது 36 சுற்றுதான். லித்தியம் பேட்டரி சில நூறு சுற்றிலேயே கொள்ளளவில் கணிசமாக இறங்கிவிடும். 18 மணி நேரத்தில் ஐந்திலொரு பங்கு போனால் இரவு தூங்கப் போகும் முன்பே வாட்ச் படுத்துவிடும். 14 நாளில் ஐந்திலொரு பங்கு போனால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. தூக்கத்தை அளக்க ஆசைப்படுகிறவர், எந்த நேரத்தில் கழற்றிச் சார்ஜ் போடுவேன் என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். குளிக்கப் போகும் நேரமும் காலைச் சாப்பாட்டு நேரமும் சேர்ந்து போதுமா? போதாதென்றால் மூன்றாம் வாரமே தூக்கக் கணக்கு நின்றுபோகும், எனக்கு நின்றது. சார்ஜர் அந்த மாடலுக்கென்றே தனியாக இருக்கும், வெளியூரில் தொலைந்தால் யாரிடமும் கடன் வாங்க முடியாது.

ஜிபிஎஸ் என்று பெட்டியில் இருந்தாலும் ‘இணைந்த ஜிபிஎஸ்’ என்று பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வாட்சுக்குள் ஜிபிஎஸ் இல்லை, போனின் ஜிபிஎஸ்ஸைக் கடன் வாங்குகிறது என்று அர்த்தம். போனை வீட்டில் வைத்துவிட்டு ஓடினால் அடிகளை எண்ணித் தூரத்தை ஊகிக்கும். உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் செயற்கைக்கோள் சைகை முட்டித் திரும்பி வருவதால், ஓடாத தெருவிலெல்லாம் ஓடியதாகக் கோடு வரும். எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசையையும் பிடிக்கும் வாட்சுகள் இதில் தேவலாம், பேட்டரி கூடுதலாகத் தின்னும். திறந்த பூங்காவில் ஓடுகிறவருக்கு அதற்காக மேற்கொண்டு செலவழிக்கத் தேவையில்லை. சோதிக்க 400 மீட்டர் ஓடுபாதை கிடைத்தால் உள்தடத்தில் பத்துச் சுற்று, சரியாக 4 கிலோமீட்டர். வெளியே வந்ததும் ஓடத் தொடங்காமல், செயற்கைக்கோள் பிடித்துவிட்டதாக அது சொல்லும்வரை நில்லுங்கள். நிறையப் பேர் நிற்பதில்லை, பிறகு முதல் 300 மீட்டரைக் காணோம் என்கிறார்கள்.

தண்ணீர் விஷயத்தில் 5 ஏடிஎம் என்றால் 50 மீட்டர் ஆழத்தில் அசையாமல் இருக்கும் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமான சோதனை. 50 மீட்டர் முக்குளிக்கலாம் என்பதல்ல. நீச்சல் குளத்துக்கு அது போதும். ஐபி68 என்ற தூசி, தண்ணீர்க் காப்புக் குறியீடு மட்டும் இருந்தால் மழை, கைகழுவல், தவறி விழுதல் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நீச்சலில் கையை வீசும் வேகத்துக்கு அந்தச் சோதனை இல்லை. ரப்பர் வளையத்தைக் கெடுப்பது ஆழத்தைவிட சோப்பும் வெந்நீரும் நீராவியும்தான். என் முதல் வாட்ச் செத்தது குளியலறையில், குளத்தில் அல்ல. கண்ணாடிக்குள் முதலில் லேசான ஆவி, மறுநாள் திரை கறுப்பு. ‘தண்ணீர் புகுந்தது’ என்று சொல்லி வாரண்டியையும் கைவிரித்துவிட்டார்கள். கடலில் இறங்கினால் வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும்.

பட்டையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஆனால் வாட்சைக் கழற்றி வைக்க வைப்பது பெரும்பாலும் அதுதான். சிலிக்கான் பட்டைக்கடியில் வேர்வையும் சோப்பும் தங்கித் தோல் சிவந்து அரிக்கும். சிலருக்கு உலோகத்தில் இருக்கும் நிக்கலோ பசையோ ஒத்துக்கொள்ளாது. ஃபிட்பிட் நிறுவனம் 2014ல் தன் ஃபோர்ஸ் என்ற பட்டையைத் தோல் அரிப்புப் புகார்களால் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றதே நடந்திருக்கிறது. பயிற்சி முடிந்ததும் கழற்றிக் கழுவி, கையும் பட்டையும் ஈரம் போகக் காய்ந்த பின் கட்டுங்கள், மற்ற நேரத்தில் ஒரு துளை தளர்த்திவிடுங்கள், தூங்கத் துணிப் பட்டை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்காகத்தான் 20 அல்லது 22 மி.மீ. பொதுப் பட்டை ஏற்கும் வாட்சாகப் பார்க்கச் சொல்கிறேன். தனி வடிவக் கொக்கி உள்ளதென்றால் அந்த நிறுவனம் சொல்லும் விலைதான். எடையும் அப்படியே. 60 கிராமுக்கு மேலான உலோக வாட்ச் பகலில் கம்பீரமாக இருக்கும், இரவில் தலையணைக்கடியில் கையை வைக்கிறவருக்குத் தொல்லை. கண்ணாடியில் சபையர் கீறலுக்கு அசைந்து கொடுக்காது. மணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் பத்துக்கு 7, சபையரின் கடினம் 9. ஆனால் ஓரம் படக் கல்லில் விழுந்தால் அதுவும் உடையும். தண்டால் எடுக்கிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம்: திருகியோ பக்கத்துப் பொத்தானோ புறங்கையில் அழுந்தி அவசர அழைப்புவரை போய்விடலாம். செட்டிங்ஸில் திசையை மாற்றித் திருகி முழங்கைப் பக்கம் வரும்படி கட்டிக்கொள்ளலாம்.

பெற்றோருக்காக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கீழே விழுந்தால் கண்டுபிடிக்கும் வசதிக்காகத்தான் வாங்குகிறார்கள். ஆப்பிள் வாட்சில் வயது 55 அல்லது அதற்கு மேல் என்று பதிந்தால் அது தானாக இயங்கும். மற்றவர்களுக்கு நாம்தான் இயக்க வேண்டும். முக்கியமானது, வாட்ச் உதவிக்கு அழைக்க வேண்டுமானால் போன் பக்கத்தில் இருக்க வேண்டும், அல்லது வாட்சிலேயே சிம் இணைப்பு இருக்க வேண்டும். குளியலறையில் விழுந்தவரின் போன் அடுத்த அறையில் இருந்தால் புளூடூத் எட்டும். மாடியில் சார்ஜில் கிடந்தால் எட்டுமா என்று ஒரு தடவை நடந்து பார்த்துவிடுங்கள்.

கலோரி எண்ணை நம்பிச் சாப்பாட்டைக் கூட்டாதீர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு கருவிகளைச் சோதித்து 2017ல் வெளியிட்ட ஆய்வில், துடிப்பை ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் சொல்லிவிட்டன. கலோரியில் ஆகச் சிறந்ததே சராசரியாக 27 சதவீதம் தவறியது, ஆக மோசமானது 93 சதவீதம். தினம் 10,000 அடி என்ற இலக்கும் மருத்துவத்திலிருந்து வந்ததில்லை. 1965ல் ஜப்பானில் விற்ற ஒரு அடியெண்ணிக்கு வைத்த பெயரிலிருந்து வந்தது. 220லிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணக்கிடுவது ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு விலகும், ஆகவே அதை வைத்து வாட்ச் பிரித்துக் காட்டும் துடிப்பு ‘மண்டலங்கள்’ உத்தேசம்தான். தூக்கத்தில் மொத்த நேரத்தை ஓரளவு சரியாகச் சொல்லும். ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று பிரிப்பதில் மூளை அலையைப் பதியும் ஆய்வகத்தோடு நிறைய முரண்படும். படுத்தபடி அசையாமல் புத்தகம் படித்தால் அதையும் தூக்கத்தில் சேர்த்துவிடும். வாட்ச் ‘மோசம்’ என்று மதிப்பெண் போட்டதால் நாள் முழுக்கச் சோர்வாக உணர்ந்ததும் உண்டு, பிறகு காலையில் அந்தத் திரையைத் திறப்பதையே விட்டுவிட்டேன்.

வாங்கிய பிறகும் செலவு நிற்காமல் போகலாம். சில நிறுவனங்களில் சந்தா கட்டாவிட்டால் கருவியே பயனற்றது, சிலவற்றில் அலசல் மட்டும் பூட்டியிருக்கும். சந்தா இல்லாமல் எதெல்லாம் தெரியும் என்று முன்பே பாருங்கள். விற்ற வசதி நிலைக்கும் என்ற உறுதியும் இல்லை. ஒரு காப்புரிமை வழக்கால் 2024 ஜனவரி முதல் அமெரிக்காவில் புதிதாக விற்ற ஆப்பிள் வாட்சுகளில் ஆக்சிஜன் அளவீடு முடக்கப்பட்டு, 2025 ஆகஸ்டில்தான் வேறு வழியில் திரும்பி வந்தது. பெபிள் என்ற வாட்ச் நிறுவனம் 2016ல் மூடியபோது வாங்கியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். 2020 ஜூலையில் கார்மின் மேல் நடந்த இணையத் தாக்குதலில் வாட்ச் பதிவுகள் போனுக்குப் போகும் ஒத்திசைவே பல நாள் நின்றது, ஆனால் ஓடிய பதிவு வாட்சுக்குள்ளேயே இருந்ததால் கேபிளில் இழுத்துக்கொள்ள முடிந்தது. நீங்கள் வாங்குவது பதிவுகளை ஃபிட், ஜிபிஎக்ஸ் போன்ற, வேறு செயலிகளும் படிக்கும் கோப்பாக வெளியே எடுக்க விடுகிறதா என்று பாருங்கள். ஓட்டப் பாதை வீட்டு வாசலில் தொடங்கி வீட்டு வாசலில் முடியும் என்பதால், பொதுவில் பகிரும் முன் முதல் சில நூறு மீட்டரை மறைக்கும் செட்டிங்கைப் போட்டுவிடுங்கள்.

பழைய வாட்ச் வாங்குகிறவர் காசு கொடுக்கும் முன், விற்கிறவர் தன் போனிலிருந்து இணைப்பைத் துண்டிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். வாட்சில் மட்டும் ரீசெட் அடித்தால் போதாது. ஆப்பிள் வாட்ச் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும், அவர் போய்விட்டால் அது வெறும் கல்.

திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டு, அந்த நாட்களைச் சும்மா விடாமல் வேலை வாங்குங்கள். முதல் இரவு அதைக் கட்டிக்கொண்டு தூங்குங்கள். மறுநாள் எல்லா வசதியையும் திறந்துவிட்டு பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்று 24 மணி நேரம் குறித்து வையுங்கள். உட்கார்ந்தபடி ஒரு நிமிடம், மாடிப்படி ஏறி இறங்கிய உடனே ஒரு நிமிடம், விரலால் எண்ணியதோடு ஒப்பிடுங்கள். தெரிந்த தூரம் ஒன்றை நடங்கள். உச்சி வெயிலில் திரை தெரிகிறதா, ஈரக் கையால் தொட்டால் கேட்கிறதா, தமிழ்ச் செய்தி வருகிறதா, அழைப்பில் எதிராளிக்கு உங்கள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறதா எல்லாம் அந்த வாரத்திலேயே தெரிந்துவிடும். அதுவரை பட்டையை வெட்டாதீர்கள், திரையில் ஒட்டும் தாளை ஒட்டாதீர்கள், பெட்டியையும் அதற்குள் இருக்கும் அட்டைத் துண்டுகளையும் பில்லோடு சேர்த்து அலமாரியில் வையுங்கள். என் போனுக்கு அந்த இரண்டாவது வாட்ச் சரிப்படாது என்று நான்காவது நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. பெட்டி முதல் நாளே குப்பைக்குப் போயிருந்தது.